வலியில்லாமை நலமாகாது! பல் நீர்க்கட்டியும் பண்டுவ வழிகளும்



தனக்கு நேர்ந்த கேட்டை உரக்கக் கூவி அறிவிக்கும் உறுப்புகளுள் பல் முதன்மையானது. சொத்தை சற்றே ஆழமாகிவிட்டாற் போதும். உண்ணவிடாது, உறங்கவிடாது, வீட்டையே எழுப்பிவிடும். ஆனால், அதே பல் உள்ளே இறந்துபட்டபின் ஊமையாகிவிடுகின்றது. நேற்றுவரை துடித்தவர் இன்று வலி நின்றுவிட்டதென்று மகிழ்கின்றார். கிராம்பெண்ணெய் கேட்டது என்கின்றார் ஒருவர். கடையில் வாங்கி விழுங்கிய நான்கு வில்லைகள் கேட்டன என்கின்றார் மற்றொருவர். உண்மையில் கேட்டது எதுவுமில்லை. வலியை உணரும் நரம்பு செத்துவிட்டது, அவ்வளவே. நோய் நிற்கவில்லை, நோயை அறிவித்த மணியே அறுந்து விழுந்துவிட்டது.

மணி அறுந்த அவ்விடத்தில் ஓசையின்றி வளர்வதுதான் பல் நீர்க்கட்டி. தாடையெலும்பினுள் தோன்றும் ஒரு பை அது, உள்ளே நீர், சுற்றிலும் ஒரு மெல்லிய உறை. ஆண்டுக்கணக்கில் அது வளரும். முன்னம்பல் ஒன்று நிறம் மங்குவதோ, ஈறு சற்றே உப்புவதோ, பக்கத்துப் பற்கள் மெல்ல விலகுவதோதான் வெளியே தெரியும் அடையாளம். சிலர்க்கு அதுவும் இராது. வேறொன்றுக்காக எடுத்த ஊடுகதிர்ப் படத்தில், எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கருவட்டமாக அது தென்படும்பொழுதுதான் அறிவர்.

இக்கட்டி புற்றன்று. உரிய வழியில் அணுகினால் பெரும்பாலும் முழுமையாகத் தீரக்கூடியது. ஆயின், எல்லாக் கட்டிக்கும் ஒரே வழி என்பதில்லை. இன்ன கட்டி என்று பெயரறிந்து, இவ்வளவு பெரிது என்று அளவறிந்து, அதற்குரிய பண்டுவத்தைத் தேர்தல் வேண்டும். பெயரறியாது கைவைத்தால், காக்கத்தக்க பல் போகும். போக்கத்தக்க கட்டி தங்கும். இப்பொழிவு வலியுறுத்த வந்தது இவ்வொன்றையே.

கட்டி தோன்றும் வகை

பல்லின் வெளியே கண்ணுக்குத் தெரிவது கடினமான பற்சிப்பி. அதனுள்ளே சற்று மென்மையான மஞ்சட்பகுதி. அதற்கும் உள்ளே, குருதிக்குழாய்களும் நரம்பும் செறிந்த பற்கூழ். சொத்தை இவ்விரு மதில்களையும் துளைத்துவிட்டால், வாயில் வாழும் நுண்ணுயிர்கள் பற்கூழை எட்டுகின்றன. கீழே விழுந்தோ, பந்து பட்டோ பல்லில் அடிபட்டாலும் பற்கூழ் இறக்கலாம். இறந்த கூழில் குருதியோட்டம் இல்லை. எனவே உடம்பின் காவற்படை அங்குச் செல்ல இயலாது. நுண்ணுயிர்கள் அச்சமின்றிக் குடியேறுகின்றன. அவற்றின் நஞ்சு வேர்நுனித் துளைவழியாகத் தாடையெலும்பினுள் கசிகின்றது.

பற்கூழ் திறந்துவிட்டமையால் மட்டுமே இக்கேடு நேர்வதில்லை; நுண்ணுயிரே கரணியம் என்பதை 1965-இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு ஐயமற நிறுவியது. எலிகளின் கடைவாய்ப் பற்களைத் துளைத்துப் பற்கூழைத் திறந்து வைத்தனர். இயல்பாக வளர்ந்த எலிகளில் பற்கூழ் அழுகி, வேர்நுனியில் சீழ்பிடித்தது. நுண்ணுயிரே இல்லாச் சூழலில் வளர்த்த எலிகளிலோ, திறந்த பற்கூழ் தானே தன்மேல் ஒரு கடும்பாலத்தைக் கட்டி ஆறிக்கொண்டது. இவ்வாய்வைச் செய்தோர் கக்கேகாசி, சுடான்லி, பிட்சரால்டு என்னும் மூவர். பல்வேர்ப் பண்டுவத்தின் அடிப்படையே இதில் அடங்கியுள்ளது. நுண்ணுயிரை அகற்று, உடம்பு தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும்.

இனி, அந்நஞ்சு கட்டியாவது எங்ஙன்? பல் உருவான இளம்பருவத்தில் வேரைச் செதுக்கிய உயிரணுக்களிற் சில, வேலை முடிந்தபின்னும் வேரைச் சுற்றிச் சிறுசிறு திரள்களாக உறங்கிக் கிடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மலாசேயின் பெயராலேயே இவை இன்றும் வழங்குகின்றன. நுண்ணுயிர் நஞ்சால் வேர்நுனி அழலும்பொழுது, உறங்கிய இத்திரள்கள் விழித்துப் பெருகுகின்றன. பெருகிய திரளின் நடுவில் உள்ள உயிரணுக்கள் மடிய, அங்கொரு குழி ஏற்பட்டு நீர் நிறைகின்றது. மடிந்த உயிரணுக்களின் சிதைவால் அந்நீர் செறிவு மிகுந்திருக்கும். செறிவு மிக்க நீர், சுற்றிலும் உள்ள நீரைத் தன்பால் ஈர்க்கும். பை அதனால் பருக்கின்றது. உறையிலிருந்து சுரக்கும் பொருள்கள் எலும்பைக் கரைக்கின்றன. எலும்பு தேயத் தேயப் பைக்கு இடம் பெருகுகின்றது. இறுதியில் எலும்பு முட்டையோடு போல் மெலிந்து, விரலால் அழுத்தினால் நொறுங்கும் ஓசையும் கேட்கும்.

ஒரே நிழல், பல பொருள்

வேர்நுனியில் தோன்றும் இக்கட்டியே தாடை நீர்க்கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது. பாதிக்கும் மேற்பட்டவை இவ்வகையினவே. மேல்தாடையின் முன்னம்பற்களில் இது மிகுதி.

இதற்கு அடுத்த நிலையில் வருவது, முளைக்காத பல்லின் தலையைச் சூழ்ந்து தோன்றும் கட்டி. கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல்லும் மேல்தாடைக் கோரைப்பல்லும் எலும்பினுள்ளேயே சிக்கிக்கொள்ளும்பொழுது இது பெரும்பாலும் தோன்றும். இங்கே சொத்தையும் இல்லை; இறந்த பற்கூழும் இல்லை. பல்வேர்ப் பண்டுவத்திற்கு இங்கு வேலையே இல்லை.

மூன்றாவது, கெரட்டின் கட்டி எனப்படுவது. நகத்திலும் மயிரிலும் உள்ள அதே கெரட்டின் என்னும் பொருள் அதனுள் குவிந்திருக்கும். இது பொல்லாதது. கன்னத்தை அவ்வளவாக உப்பச் செய்யாமல், எலும்பின் நீளவாக்கில் உள்ளேயே பரவிச் செல்லும். அகற்றிய பின்னும் மீளத் தோன்றும் இயல்புடையது.

இவையன்றி, மேல்தாடையின் இரு நடுப்பற்களுக்கும் பின்னே, மூக்குக்கும் அண்ணத்துக்கும் இடையிலுள்ள குழாயெச்சத்தில் தோன்றும் கட்டியும் உண்டு. அதற்கும் பல்லுக்கும் தொடர்பில்லை. ஆயினும் படத்தில் அது பல்வேரின்மேல் விழுந்த நிழலாகவே தோன்றும். பெயரறியாதவர் அதனைக் கண்டு, நலமாக உள்ள இரு பற்களைத் துளைத்துவிடக் கூடும். கட்டியே அல்லாத, புற்றும் அல்லாத, எனினும் தாடையை அரித்துச் செல்லும் அமிலோபிளாசுட்டோமா என்னும் கழலையும் சிற்சிலபொழுது நீர்க்கட்டி போலவே கருவட்டமாகத் தோற்றம் தரும்.

ஆக, படத்தில் நிழல் ஒன்று. அதன் பொருள் பல. நிழலை மட்டும் கண்டு முடிவு கட்டுதல் பிழையாகும்.

இப்பிழை எத்துணைப் பெரிதாகக் கூடும் என்பதைச் சுவிட்சர்லாந்தின் சூரிக்கு நகரில் நாயர் முதலானோர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. வேர்நுனியோடு ஒட்டியவாறே எடுக்கப்பெற்ற 256 கோளாறுகளை அவர்கள் நுண்ணோக்கியின்கீழ்த் தொடர்ச்சியாகச் சீவிப் பார்த்தனர். அவற்றுள் நீர்க்கட்டி என்று கூறத்தக்கவை 15 விழுக்காடே. எஞ்சியவை சீழ்ப்பிடிப்பும், அழற்சியால் திரண்ட சதையுமே. முந்தைய ஆய்வாளர் சிலர் பாதிக்கு மேற்பட்டவை நீர்க்கட்டிகளே என்று எழுதியிருந்தனர். அந்த 15 விழுக்காட்டிலும் இருவகை உண்டு. வேர்த்துளையோடு வாய்திறந்து இணைந்த பை ஒன்று; வேரினின்று தனித்து முழுதும் மூடிய பை மற்றொன்று. முன்னது, வேரைத் தூய்மை செய்தாலே அடங்கக்கூடும். பின்னது, தன் போக்கில் வாழப் பழகிவிட்டமையால் அடங்காது போகவும் கூடும்.

கண்டறியும் படிகள்

முதற்படி, பல்லுக்கு உயிர் உண்டா என்று பார்த்தல். குளிர்ந்த பொருளைப் பல்லின்மேல் வைத்தோ, மெல்லிய மின்னோட்டம் செலுத்தியோ மருத்துவர் இதனை அறிவார். குளிர்ச்சியை உணரும் பல் உயிருள்ள பல். அதனடியில் நிழல் இருப்பின், அந்நிழலுக்குக் கரணியம் வேறொன்று என்று ஐயுறல் வேண்டும். எளிய இவ்வாய்வைச் செய்யாமல் பல்லைத் துளைத்தல் தகாது.

இரண்டாம்படி ஊடுகதிர்ப் படம். உரோண்ட்கன் 1895-ஆம் ஆண்டு நவம்பரில் ஊடுகதிரைக் கண்டறிந்தார். அடுத்த சனவரியிலேயே செருமானியப் பல்மருத்துவர் ஓட்டோ வால்க்கொப்பு தம் வாயிலேயே பற்களைப் படமெடுத்தார். அதற்காக அவர் 25 மணித்துளி அசையாது கிடந்தார் என்பர். இன்று அது நொடிக்கும் குறைந்த வேலை. சிறு கட்டிக்கு ஒரு பல்லளவுப் படமே போதும். பெரிய கட்டிக்குத் தாடை முழுவதையும் காட்டும் படம் வேண்டும். கட்டி, கீழ்த்தாடை நரம்பையோ மேல்தாடையின் காற்றறையையோ நெருங்கியிருப்பின், 1990-களின் இறுதியில் வழக்குக்கு வந்த முப்பருமான ஊடுகதிர்ப் படம் துணைசெய்யும்.

மூன்றாம்படி, தேவைப்படின் ஊசியால் உறிஞ்சிப் பார்த்தல். வேர்நுனிக் கட்டியில் வைக்கோல் நிற நீர் வரும். அதில் கொழுப்புப் படிகங்கள் மின்னக்கூடும். கெரட்டின் கட்டியில் வெண்மையான கூழ் வரலாம். தூய குருதியே பாய்ந்து வருமாயின், அறுவையைத் தொடாது நிறுத்தி மீண்டும் ஆராய்தல் வேண்டும்.

நான்காம்படி, எடுத்த உறையை நுண்ணோக்கி ஆய்வுக்கு விடுத்தல். இதுவே கட்டிக்கு உறுதியான பெயர் சூட்டும் படி. இதைப் பற்றிப் பின்னர் மீண்டும் கூறப்பெறும்.

முதல் வழி: வேரைத் தூய்மை செய்தல்

பல் இறந்துபட்டு வேர்நுனியில் நிழல் விழுந்திருப்பின், முதலில் நாடத்தக்கது பல்வேர்ப் பண்டுவம். மக்கள் 'ரூட்டு கெனால்' என்று வழங்குவது இதனையே. பல்லின் தலையில் சிறு துளையிட்டு, அழுகிய கூழை அகற்றி, வேர்க்குழாயை நுண்ணிய அரங்களால் செப்பஞ்செய்து, சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசலால் கழுவுவர். தேவைப்படின் சில கிழமைகளுக்குக் கால்சியம் ஐதராக்சைடு என்னும் மருந்தை உள்ளே வைப்பர். செருமனியின் எர்மன் 1920-இல் பல்மருத்துவத்திற்குக் கொணர்ந்த மருந்து அது. வேதியியல்படி பார்த்தால் வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பும் அதுவே. அதனால், வீட்டுச் சுண்ணாம்பைச் சொத்தையில் அடைக்கலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா; அது ஈற்றையும் கன்னத்தையும் புண்ணாக்கும். தூய்மை செய்த குழாயை இறுதியில் அடைத்து, பல்லுக்கு மேலுறை இடுவர்.

இதன் பயன் என்ன? சுவீடன் நாட்டில் சியோகிரென் முதலானோர் 356 நோயரை 8 முதல் 10 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அழைத்துப் பார்த்து, 1990-இல் முடிவை வெளியிட்டனர். பற்கூழ் இறந்து, வேர்நுனியில் எலும்பரிப்பும் இருந்த பற்களில் 86 விழுக்காடு ஆறியிருந்தன. கத்தியின்றி, தையலின்றி, பல்லும் போகாமல் இத்துணைப் பயன் கிட்டுமெனின், இதனை விட்டு வேறொன்றை முதலில் நாடுதல் ஏன்?

ஆனால் பொறுமை வேண்டும். கரைந்த எலும்பு ஒரு திங்களில் முளைத்துவிடாது. ஆறு திங்களிலும் ஓராண்டிலும் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். நிழல் சிறுத்துக்கொண்டே வருமாயின் காத்திருக்கலாம். சிலர்க்கு முழுதும் ஆற நான்கு ஆண்டும் ஆகும். நிழல் சிறுக்காமல் நின்றாலோ, பெருத்தாலோ அடுத்த வழியை நாடுதல் வேண்டும். வலி போயிற்று என்று அப்படத்தை எடுக்காமல் விடுவோரே மிகுதி. இங்கேதான் வலியில்லாமை இரண்டாம் முறையும் ஏமாற்றுகின்றது.

இரண்டாம் வழி: முழுதும் அகற்றல்

வேரைத் தூய்மை செய்தும் அடங்காத கட்டியையும், பல்வேர்ப் பண்டுவத்திற்கு இடமில்லாத கட்டியையும் அறுவையால் அகற்றுவர். ஈற்றை விலக்கி, எலும்பில் சிறு வாயில் திறந்து, உறையைக் கிழியாமல் எலும்பினின்று உரித்தெடுத்து, ஈற்றை மீண்டும் தைத்துவிடுவர். சிறு கட்டியாயின், அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசியே போதும். உறையில் ஒரு துணுக்கு எஞ்சினாலும் அது மீண்டும் பையாகலாம் என்பதால், இப்பணியில் விரைவினும் நிறைவே வேண்டப்படுவது.

பல்லைக் காக்க இயலுமாயின், உறையை எடுக்கும் அதே வேளையில் வேர்நுனியையும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவுக்கு அறுத்து, அறுத்த முனையைப் பின்புறமிருந்து அடைப்பர். முன்பு வெள்ளிக்கலவையால் அடைத்து வந்தனர். 1993-இல் அமெரிக்காவின் உலோமா இலிண்டாவில் தோராபிநெசாடு அறிமுகப்படுத்திய காரைபோன்ற பொருளும் அதன் வழிவந்தனவும் இன்று அவ்விடத்தைப் பிடித்துள்ளன. ஈரத்திலும் இறுகுவதும், மேலே புதுத்திசு வளர இடந்தருவதும் அதன் சிறப்புகள்.

கட்டி எடுத்த குழியில் குருதி உறைந்து, அது மெல்ல மெல்ல எலும்பாக மாறும். சிறு குழிக்கு எலும்புத்தூள் நிரப்பல் பொதுவாகத் தேவையில்லை.

மூன்றாம் வழி: வாயில் திறந்து வடியவிடல்

கட்டி தாடையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தால்? ஒரேயடியாக உரித்தெடுக்கப் புகுந்தால், மெலிந்த எலும்பு முறியலாம். கீழுதட்டுக்கு உணர்வூட்டும் நரம்பு சிதைந்து உதடு மரத்துப் போகலாம். உயிருள்ள அண்டைப் பற்கள் இறந்துபடலாம்.

இச்சிக்கலுக்கு விடை கண்டவர் கார்ல் பார்ச்சு என்னும் அறுவை மருத்துவர். அன்று செருமனியிலும் இன்று போலந்திலும் உள்ள பிரெசுலாவு நகரில் அவர் பணியாற்றினார். 1892-இல் அவர் கூறிய வழி வியக்கத்தக்க எளிமையுடையது. கட்டியை எடுக்க வேண்டா. அதன் மேற்புறத்தில் ஒரு வாயிலைத் திறந்து, உறையின் விளிம்பை வாயின் உட்தோலோடு சேர்த்துத் தைத்துவிடுக. பை, வாயின் ஒரு பகுதியாகிவிடும். நீர் தேங்காது, அழுத்தம் ஒழியும். அழுத்தம் ஒழிந்ததும், கரைந்து வந்த எலும்பு திரும்பி வளரத் தொடங்கும். குழி அடியிலிருந்து மேலெழுந்து சிறுக்கும். கங்காருவின் வயிற்றுப்பைபோல் வாய் திறந்து நிற்பதால் இதற்கு மேலைமொழிகளில் அப்பொருள்படும் பெயரே வழங்குகின்றது. இன்று பலவிடங்களில் பெரிய வாயிலுக்கு மாற்றாகச் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன்வழிக் கழுவிவிடும் முறையும் உண்டு.

இவ்வழியின் குறைகளையும் மறைத்தலாகாது. இது திங்கட்கணக்கில், சிலபொழுது ஓராண்டுக்கு மேலும் நீளும். நாள்தோறும் குழியைக் கழுவ வேண்டும். கழுவாது விட்டால் உணவு தங்கி நாறும். உறை உள்ளேயே இருப்பதால் அது முழுதும் ஆய்வுக்கு உட்படுவதில்லை. ஆகவே, வாயில் திறக்கும்பொழுதே உறையில் ஒரு துண்டை வெட்டி ஆய்வுக்கு விடுத்தல் கட்டாயம். பலர்க்கு, கட்டி சிறுத்த பின் எஞ்சியதை இரண்டாம் வழியால் உரித்தெடுப்பர். உரித்தெடுத்து உடனே மூடித் தைக்கும் அம்முறையையும் பார்ச்சே 1910-இல் விளக்கினார் என்பது குறிக்கத்தக்கது. இரு வழிகளும் ஒருவர்பாற் பிறந்தவை, ஒன்றற்கொன்று பகையல்ல.

குழந்தைகட்கு இம்மூன்றாம் வழி ஒரு கொடை. முளைக்க வேண்டிய நிலைத்த பல்லைக் கட்டி சூழ்ந்து கீழே அழுத்தி வைத்திருக்கும்பொழுது, வாயில் திறந்துவிட்டாற் பல நேரங்களில் அப்பல் தானே மேலெழுந்து தன் இடத்தில் வந்து நிற்கும். அதே நிலையில் கட்டியோடு பல்லையும் பிடுங்கியெறிந்தால், அச்சிறுவனோ சிறுமியோ வாழ்நாள் முழுதும் அப்பல்லை இழப்பர். நாற்பது அகவையினர்க்குச் சிக்கிய கடைவாய்ப்பல்லைக் கட்டியோடு எடுத்துவிடுதல் முறை. பத்து அகவைக் குழந்தைக்கு அதே கட்டியில் பல்லைக் காத்தல் முறை. கட்டி ஒன்றே, ஆளுக்கேற்ப வழி வேறு.

பல் முளைக்கும் குழந்தையின் ஈற்றின்மேல் நீலநிறத்தில் சிறு புடைப்பு தோன்றினாலோ, அதற்குப் பெரும்பாலும் எப்பண்டுவமும் வேண்டா. பல் முளைக்கும்பொழுது அது தானே உடைந்துவிடும். தாய்மார் அஞ்சவும் வேண்டா. ஊசியாற் குத்தவும் வேண்டா.

மீளும் கட்டிக்குத் தனி வழி

கெரட்டின் கட்டிக்கு இம்முதன்மைப் பெயரை 1956-இல் பிலிப்சென் இட்டார். அது கட்டியா, கழலையா என்று அறிஞர்கள் நெடுநாள் வழக்காடினர். உலக நலவாழ்வு அமைப்பு 2005-இல் அதனைக் கழலை வரிசையில் வைத்தது. 2017-இல் மீண்டும் நீர்க்கட்டி வரிசைக்கே கொணர்ந்தது. பெயர் மாறியதே அன்றி அதன் பொல்லா இயல்பு மாறவில்லை. வெறுமனே உரித்தெடுத்தால், ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு அது மீளத் தோன்றுகின்றது. அதன் உறை ஈரத்தாள்போல் மெல்லியது, எளிதிற் கிழியும். தாய்க்கட்டியைச் சுற்றிலும் சேய்க்கட்டிகளும் இருக்கக் கூடும்.

ஆதலின், உரித்தெடுத்தபின் எலும்புச் சுவரை மேலும் சற்றுச் சீவிவிடுவர். அல்லது, எரிசாராயம், குளோரோபாம், அசெட்டிக் காடி, இரும்புக் குளோரைடு ஆகியவை கலந்த கார்னாய் கரைசலைச் சில மணித்துளி தடவி, எஞ்சிய உயிரணுக்களைக் கொல்வர். குளோரோபாமின் தீமை கருதி, அதை நீக்கிய கலவையையும் பலர் கையாள்கின்றனர். நரம்பு வெளித்தெரியும் இடத்தில் இக்கரைசல் படாமற் காத்தல் வேண்டும். மீண்டும் மீண்டும் தோன்றி எலும்பை அழித்துவிட்ட நிலையில் மட்டும் தாடையின் ஒரு பகுதியையே வெட்டியெடுக்க நேரும். எவ்வழியாயினும், ஆண்டுதோறும் படமெடுத்துப் பல்லாண்டு கண்காணித்தல் இன்றியமையாதது.

இளம் அகவையில் ஒருவர்க்கே இத்தகைய கட்டிகள் பல தோன்றினால், அது 1960-இல் கார்லின், கோல்ட்சு என்னும் இருவர் விளக்கிய மரபுவழி நோயாக இருக்கலாம். அந்நோய் தோற்புற்றுக்கும் இடந்தருவதாகலின், அவரோடு பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் ஆய்தல் வேண்டும். ஒரு பற்கட்டியின் பெயரை அறிவதால் ஒரு குடும்பத்தையே காக்க நேர்வது இவ்வாறுதான். கட்டியை எடுத்துக் குப்பையில் எறிந்துவிட்டால் அப்பெயர் தெரிவது எங்ஙன்?

வழியல்லாத வழிகள்

நுண்ணுயிர்க்கொல்லி வில்லைகளால் நீர்க்கட்டி தீர்வதில்லை. இறந்த பல்லினுள் குருதி ஓடாமையால் மருந்தும் அங்குச் செல்லாது. கட்டியில் சீழ்பிடித்துக் காய்ச்சலோ பரவும் வீக்கமோ ஏற்படும்பொழுது அவ்வில்லைகள் துணைமருந்தாகத் தேவைப்படும். வீக்கம் அடங்கியதும் வேலை முடிந்ததென எண்ணுதல் பிழை. தாடைக்கடியிலும் கழுத்திலும் வீக்கம் இறங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ வாய்திறக்கவோ இயலாது போனால், அது உயிருக்கே இறுதி. விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

பல்லைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் முழு உண்மையன்று. வேர் பிளந்துபோன பல்லையும், நிற்க வலிவின்றி ஆடும் பல்லையும் எடுத்தே ஆகவேண்டும். ஆனால், பல் போனபின்னும் உறை தாடைக்குள் தங்கி வளர்தல் உண்டு. பல்லே இல்லாத இடத்தில் பல்லாண்டு கழித்து வீங்கும் எச்சக்கட்டி அதுவே. பல்லை இழந்தும் கட்டியை வைத்திருப்பது இரட்டை இழப்பன்றோ!

கேட்டறிய வேண்டியவை

பண்டுவத்துக்கு ஒப்புவதற்குமுன், நோயர் ஒவ்வொருவரும் மருத்துவரிடம் கேட்டறியத்தக்க வினாக்கள் ஐந்து.

1. இந்தப் பல்லுக்கு உயிர் உண்டா, இல்லையா? எவ்வாறு பார்க்கப்பட்டது?
2. இது எவ்வகைக் கட்டியாக இருக்கக் கூடும்? நரம்புக்கும் அண்டைப் பற்களுக்கும் எவ்வளவு அணிமையில் உள்ளது?
3. பல்லைக் காத்துக்கொண்டே தீர்க்க வழியுண்டா? இல்லையெனின், ஏன்?
4. எடுத்த உறை நுண்ணோக்கி ஆய்வுக்குச் செல்கின்றதா? முடிவு என்று கிடைக்கும்?
5. மீண்டும் படமெடுக்க எப்பொழுது வரவேண்டும்?

நோயரும் தம் பங்குக்குச் சிலவற்றை மறையாது கூறல் வேண்டும். நீரிழிவு, குருதிக் கொதிப்பு, நெஞ்சாங்குலை நோய், குருதி உறையாமைக்கு உண்ணும் மருந்து, எலும்புத் தேய்வுக்குப் போடும் ஊசி, கருவுற்றிருத்தல் ஆகிய யாவும் அறுவையின் போக்கை மாற்ற வல்லவை.

இவ்வினாக்களைக் கேட்க மெத்தப் படித்திருக்க வேண்டியதில்லை. தெரிந்த மொழியில் கேட்கும் துணிவு இருந்தாற் போதும். நல்ல மருத்துவர் இவற்றுக்குச் சினவார்; படத்தைக் கையில் எடுத்து விளக்குவார். பொருள் வாய்ப்புக் குறைந்தோர்க்கும் வழியுண்டு. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய மூன்று ஊர்களில் அரசுப் பல்மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. வாய், தாடை அறுவை மருத்துவர்களும், திசு ஆய்வு செய்வோரும் ஒரே கூரையின்கீழ்க் கிடைப்பது இத்தகைய இடங்களிலேதான்.

அன்பர்களே! பல் நீர்க்கட்டி ஒரே நாளில் தோன்றுவதன்று; ஒரே நாளில் தாடையை அழிப்பதுமன்று. அஃது ஆண்டுகளைத் தருகின்றது. அவ்வாண்டுகளை வலியில்லை என்னும் ஒரே சொல்லால் வீணாக்குதல் கூடாது. நிறம் மங்கிய பல், வந்துவந்து போகும் ஈற்றுப் புடைப்பு, முன்பு துடித்து இன்று அடங்கிவிட்ட சொத்தை, முளைக்க வேண்டிய அகவையில் முளைக்காத பல் ஆகிய இந்நான்கில் ஒன்று வீட்டில் எவர்க்கேனும் இருக்குமாயின், அவரை இக்கிழமையே மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஒரு படம் எடுக்கச் செய்க. பெயரறிக, அளவறிக, அதன்பின் வழி தேர்க. காக்கத்தக்க பல் காக்கப்படும். போக்கத்தக்க கட்டி போகும்.